ஜிவெர்னிக்கு ஒரு நாள்: மொனேயின் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசுக்குப் படிக்க வந்த முதல் வருடம், ஏப்ரல் தொடக்கத்தில், அல்லிக் குள ஓவியங்களால் பேர்பெற்ற ஓவியர் க்ளோத் மொனேயின் தோட்டத்தைப் பார்க்க ஜிவெர்னி கிராமத்துக்குப் போனேன். குளம் இருந்தது. பச்சைப் பாலம் இருந்தது. குளக்கரையில் வில்லோ மரம் துளிர்விட்டிருந்தது. ஆனால் தண்ணீரில் ஓர் அல்லிப் பூகூட இல்லை. எந்தப் பூவுக்காகப் போனேனோ அது பூக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு மூன்று முறை போய்விட்டேன். நண்பர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறோம். ஓவியத்தில் பார்த்தது அங்கே அப்படியே காத்திருக்கும் என்று நினைத்துப் போகிறோம். ஆனால் அது தோட்டம். அதற்கென்று ஒரு மாதம் உண்டு, ஒரு வேளையும் உண்டு.

மாதத்திலிருந்தே தொடங்குகிறேன். தோட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடிவிடும். டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்று திட்டம் போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் ஏழு மாதமும் ஒன்றுபோல இருக்காது. ஏப்ரலில் டூலிப். ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பாலத்தின் மேல் ஊதாவும் வெள்ளையுமாக விஸ்டீரியா கொத்துக்கொத்தாகத் தொங்கும். மே மாதத்தில் ஐரிஸ், ஜூனில் ரோஜா. அல்லி பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை. செப்டம்பரில் வீட்டு வாசலுக்கு நேராகப் போகும் பெரிய பாதையில் நாஸ்டர்டியம் கொடிகள் இரண்டு பக்கமிருந்தும் தரையில் படர்ந்து நடுவில் வந்து சேர்ந்துவிடும். டேலியாவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். எனக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் முதல் வாரத்தைத்தான் எடுப்பேன். அல்லியும் கிடைக்கும், அந்தக் கொடிப்பாதையும் கிடைக்கும், கோடை விடுமுறைக் கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அடுத்தது வேளை. நம் ஊரில் அல்லி என்றால் நிலவைப் பார்த்து மலரும் பூ, இரவுப் பூ என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதை நம்பி, “சாயங்காலம் மெதுவாகப் போகலாம், அப்போதுதான் விரியும்” என்றாள் என் தோழி ஒருத்தி. ஜிவெர்னி குளத்தில் இருப்பவை குளிர் தாங்கும் வகை அல்லிகள், பகலில் மலர்பவை. காலை வெயில் ஏறும்போது விரிந்து, பிற்பகல் சாயும்போது கூம்பத் தொடங்கிவிடும். நாங்கள் ஐந்து மணிக்குக் குளத்தருகே நின்றபோது பெரும்பாலான பூக்கள் மூடியிருந்தன. அவள் அன்று வருத்தப்பட்டதை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, பலர் இதைத் தாமரைக் குளம் என்கிறார்கள். தாமரை இலை தண்ணீரைவிட்டு மேலே எழுந்து நிற்கும், அதில் பிளவு கிடையாது. இங்கே இலைகள் தண்ணீரோடு ஒட்டி மிதக்கின்றன, ஒரு பக்கம் வெட்டினாற்போல் பிளவு இருக்கிறது. அல்லிதான், சந்தேகமே வேண்டாம்.

சரி, காலையில் போய்விட்டீர்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே இளஞ்சிவப்புச் சுவரும் பச்சை ஜன்னல்களுமாக வீடு தெரியும். எல்லாரும் முதலில் அங்கேதான் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். நேராகக் குளத்துக்குப் போய்விடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே சாலை ஓடுகிறது. அதன் அடியில் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. காலையில் தோட்டம் திறந்ததும் முதல் அரை மணி நேரம் குளக்கரையில் காலடிச் சத்தம் குறைவாக இருக்கும். பதினொரு மணிக்குப் பாலத்தில் நிற்க இடம் கிடைக்காது. அப்போது நிதானமாக வீட்டுக்கு வரலாம்.

குளத்தில் அவசரப்படாதீர்கள். பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் அங்கே செய்யக்கூடிய பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. மொனே 1883இல் இந்த ஊருக்கு வாடகைக்கு வந்தார், 1890இல் வீட்டை வாங்கினார், 1893இல் அப்போது அங்கே ஓடிய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தை வாங்கி, எப்த் ஆற்றின் கிளை வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்டினார். வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் பயந்து எதிர்த்தார்கள். பிறகு அந்தச் சாலைப் புழுதி அல்லி இலையில் படிகிறது என்று தன் செலவில் சாலைக்குத் தார் போடவைத்தார். இலையைத் துடைத்துவைக்கப் படகில் போகும் தோட்டக்காரரும் இருந்தார். இவ்வளவு பாடும் எதற்கு? தண்ணீரில் வானம் தெரிய வேண்டும். அல்லியைவிட அந்தப் பிரதிபலிப்பைத்தான் அவர் அதிகம் வரைந்தார். அல்லிக் குளத்தை மட்டும் சுமார் 250 ஓவியங்களில் வரைந்திருக்கிறார். கரையில் ஓர் இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். ஒரு மேகம் வந்து போவதற்குள் அதே தண்ணீர் பச்சையிலிருந்து வெள்ளிக்கும், அப்புறம் ஊதாவுக்கும் மாறுவதைப் பார்க்கலாம். நான் இரண்டாம் முறை போனபோதுதான் இதைப் பார்த்தேன். பூ இல்லாத அந்த ஏப்ரலிலும் வானம் தண்ணீரில் இருந்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் மொனேயின் அசல் ஓவியங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஓவியக்கூடத்தில் தொங்குபவை பிரதிகள். அசலாக இருப்பது அவர் சேர்த்துவைத்த ஜப்பானிய மர அச்சுப் படங்கள். மஞ்சள் நிறச் சாப்பாட்டு அறையையும் நீல ஓடு பதித்த சமையலறையையும் பார்க்கவாவது வீட்டுக்குள் போக வேண்டும். பெரிய அல்லி ஓவியங்கள் பாரிசில், ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: இரண்டு நீள்வட்ட அறைகள், இரண்டு மீட்டர் உயரத்தில் எட்டு ஓவியங்கள். மொனே 1926 டிசம்பரில் இறந்தார், அந்த அறைகள் 1927இல் திறந்தன. மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் அவர் கடைசிக் காலத்தில் வரைந்த பாலங்கள் இருக்கின்றன. கண்புரையால் பார்வை மங்கியிருந்த வருடங்களில் வரைந்தவை, ஒரே சிவப்பும் பழுப்புமாக இருக்கும். தோட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த வாரமே இவற்றைப் பாருங்கள். ஒராஞ்சரிக்குச் செவ்வாய் விடுமுறை, மார்மொத்தானுக்குத் திங்கள்.

இனி மாணவர்கள் பணத்தில் சறுக்கும் இடங்கள். ஜிவெர்னியில் ரயில் நிலையம் கிடையாது. பாரிசின் சேன்-லசார் நிலையத்தில் ரூவான் பக்கம் போகும் ரயிலில் ஏறி வெர்னோன்-ஜிவெர்னியில் இறங்க வேண்டும், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். (1877இல் மொனே புகையோடு வரைந்தது இதே சேன்-லசாரைத்தான், ஏறும் முன் ஒரு நிமிடம் அந்தக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பாருங்கள்.) கையில் நாவிகோ பயண அட்டை இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள். வெர்னோன் நார்மண்டி வட்டாரத்தில் இருக்கிறது, பாரிஸ் வட்டாரத்து அட்டை அங்கே செல்லாது. தனிச் சீட்டு வாங்க வேண்டும். இருபத்தாறு வயதுக்குள் இருந்தால் ஒராஞ்சரி, ஒர்சே போன்ற அரசு அருங்காட்சியகங்களில் இலவசமாக நுழைந்து பழகியிருப்போம். இந்தத் தோட்டத்தை நடத்துவது ஒரு தனி அறக்கட்டளை. அந்த இலவசம் இங்கே இல்லை. மாணவர் சலுகைக் கட்டணம் உண்டு, மாணவர் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிட்டால் நீண்ட வரிசை மிச்சம்.

வெர்னோனிலிருந்து தோட்டம் சுமார் 5 கிலோமீட்டர். ரயில் நேரத்தையொட்டிப் பேருந்து விடுகிறார்கள், அதற்கும் தனிக் கட்டணம். பழைய ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை, நடந்தும் போகலாம். கவனிக்க வேண்டியது திரும்பும் நேரம்: சில வேளைகளில் ரயிலுக்கு ரயில் இரண்டு மணி நேர இடைவெளி விழும். காலையிலேயே கடைசிப் பேருந்து, கடைசி ரயில் இரண்டின் நேரத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை வெளியே வந்துதான் பிரிக்க முடியும்.

தோட்டத்தோடு திரும்பிவிடாமல் அதே தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் செயின்ட் ராதெகோந்த் தேவாலயம் வரும். அதன் பின்னால்தான் மொனேயின் கல்லறை. கல்லறையின் மேலேயே ஒரு பூப்பாத்தி. நான் செப்டம்பரில் போனபோது அங்கே யாரும் இல்லை. தோட்டத்தில் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது. பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி நடக்க இருபது நிமிடம் ஒதுக்கிவிட்டு மீதி நேரத்தை அங்கே செலவிடுங்கள்.