பூச்செடிக்கு உரம் வாங்கும்போது நடு எண்ணைப் பாருங்கள்

உரப் பொட்டலத்தின் மேல் 19-19-19, 13-0-45 என்று மூன்று எண்கள் இருக்கும். வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எத்தனை சதவீதம் என்பதற்கான கணக்கு அது. 'பூ நிறைய பூக்கும்' என்று விற்கிற உரங்களில் பெரும்பாலும் நடு எண்தான் பெரிதாக இருக்கும். அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை. மணிச்சத்து செடிக்குத் தேவைதான், ஆனால் கொஞ்சம் போதும். தொட்டி மண்ணில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால், மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகிறது.

செம்பருத்திக்கு இது ரொம்பவே ஆகாது. அது கேட்பது சாம்பல்சத்து. மூன்றாவது எண் பெரிதாக, முதலாவது நடுத்தரமாக, நடு எண் சிறிதாக, 17-5-24 மாதிரி இருந்தால் நல்லது. அது கிடைக்காவிட்டால் 19-19-19ஐயும் 13-0-45ஐயும் சம எடையில் கலந்துகொள்ளுங்கள், 16-9.5-32 வந்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து, மொட்டு விடுகிற காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுவேன்.

இட்லிப்பூவுக்கு உரம் வாங்கப் போகும் முன் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் இருக்கிற இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் விழுந்தால் பெரும்பாலும் மெக்னீசியம்; அதற்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). இரண்டையும் குழப்பிக்கொண்டு பூ உரத்தை அள்ளிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, பாவம் அந்தச் செடி. இட்லிப்பூ அமில மண்ணை விரும்புவது, பி.எச். (அமில-கார அளவு) 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும். மண்ணோ தண்ணீரோ காரமாக இருந்தால் சாதாரண இரும்பு சல்பேட் போட்டுப் பெரிய பலன் இல்லை. ஈ.டி.டி.ஏ. (EDTA) என்ற பொருளோடு பிணைத்த இரும்பும் பி.எச். 6.5 தாண்டினால் நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். காரமண்ணிலும் வேலை செய்யும், தண்ணீரில் கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

காகிதப்பூவுக்கு உரத்தைவிட வெயில்தான் முக்கியம். தழைச்சத்தை ஏற்றினால் கொடி ஓடும், இலை தழைக்கும், பூ வராது. கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பிறகு கொஞ்சம் சமச்சீர் உரம் (மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பது) கொடுத்துவிட்டு, அப்புறம் மண் காய்ந்தபின்தான் தண்ணீர். மல்லிகையைக் கவாத்து செய்ததும் தழைச்சத்து கொடுத்துத் தளிர் வரவிடுங்கள். அரும்பு கட்டும்போது சாம்பல்சத்துக்கு மாறுங்கள்.

ஆர்க்கிட் கதையே வேறு. மரப்பட்டையிலும் கரித்துண்டிலும் வளர்வதற்கு யூரியா அவ்வளவாக உதவாது; அதை உடைத்துக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருப்பதுபோல் அங்கே இருப்பதில்லை. நைட்ரேட் வடிவத் தழைச்சத்து உள்ள உரமாகப் பார்த்து, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கொடுங்கள். நடுநடுவே வெறும் தண்ணீரால் வேரை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

எலும்புத்தூளை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். அதில் இருப்பதும் முக்கியமாக மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும்தான், காரமண்ணில் கரையவும் கரையாது. தொட்டிக்கு நான் போடுவதில்லை. மக்கிய தொழுவுரம் கட்டாயம் போடுவேன்; சத்து எண்கள் சிறியவை என்றாலும் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும்.

எந்த உரமானாலும் ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். மண்மேல் வெள்ளைப் படிவு தெரிந்தாலோ இலை நுனி தீய்ந்தாலோ உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். உரத்தை நிறுத்திவிட்டு, அடித்துளை வழியே நீர் தாராளமாக வடியும்வரை தண்ணீர் விடுங்கள். தொட்டி மாற்றிய செடிக்குப் புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.