டேங்கைத் திருப்பினால் எத்தனை இன்ச் போகும்?

மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டான வார்ஹேமர் 40,000 ஆடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். எதிரில் இருப்பவர் தன் டேங்கை உங்களுக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருக்கிறார். அவர் டர்ன் வந்ததும் நின்ற இடத்திலேயே அதைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, மூக்கு நுனியில் டேப்பை வைத்து பத்து இன்ச் அளக்கிறார். இது சரியா? சுடும்போது டைஸில் விழுந்த எண் விழுந்ததுதான், யாரும் பேச முடியாது. நகர்வில்தான் வரப்புத் தகராறு மாதிரி அரை இன்ச்சுக்கும் பேச்சு வளரும்.

அந்த டேங்கையே எடுத்துக்கொள்வோம். நீளம் 6 இன்ச், அகலம் 4 இன்ச் என்று வையுங்கள். நடுப்புள்ளியிலிருந்து பக்கச் சுவர் 2 இன்ச், மூக்கு 3 இன்ச். ஆக, சும்மா திருப்பியதிலேயே 1 இன்ச் முன்னால் வந்துவிட்டது. ஆனால் 2023இல் வந்த பத்தாம் பதிப்பின் விதி, மாடலின் எந்தப் பகுதியும் அதன் நகர்வு எண்ணை, அதாவது ஒரு நகர்வில் போகக்கூடிய இன்ச் அளவை, தாண்டிப் போகக்கூடாது என்கிறது. அப்படியானால் மூலையைப் பாருங்கள். அது நடுவிலிருந்து சுமார் 3.6 இன்ச் தள்ளி இருக்கிறது, கால் வட்டம் சுற்றும்போது அது போகும் வளைவு சுமார் 5.7 இன்ச். தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நேர்கோடு போட்டால் 5.1. திருப்புவதற்குக் கணக்கே இல்லை என்றால் பூஜ்யம். ஒரே வரியை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தார்கள், பத்து இன்ச் நகர்வில் பாதிக்கு மேல் அந்த வித்தியாசத்திலேயே போய்விடும். கடைசியில் 2024இல் இந்த விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே திருப்புவதற்கென்று தனிக் கழிவு வைத்தது. வட்ட பேஸ் (மாடல் நிற்கும் அடித்தட்டு) இல்லாத வாகனம் என்றால் நகர்வில் 2 இன்ச் கழியும், அதே நகர்வில் எத்தனை முறை திருப்பினாலும் ஒரு தடவைதான். எனக்கு இந்தத் தீர்வு பிடித்திருக்கிறது, மேசையில் வடிவியல் போட வேண்டியதில்லை.

இதனால்தான் முதல் வேலை ரூல்புக்கைத் திறப்பது, அதோடு புதிய திருத்தங்களையும் பார்ப்பது. நினைவிலிருந்து பேசாதீர்கள். பழைய ஆட்டக்காரர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் தலையில் நாலைந்து பதிப்புகள் கலந்து கிடக்கும். அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதே 2012இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பொது விதியானது, அதற்கு முன்னால் பழகியவருக்கு நீங்கள் முன்கூட்டி டேப்பை நீட்டுவது இன்னும் உறுத்தலாம்.

அப்புறம், வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘உள்ளே’ என்றால் பேஸின் ஒரு ஓரம் உள்ளே இருந்தாலே போதும், ‘முழுவதும் உள்ளே’ என்றால் கொஞ்சம்கூட வெளியே நிற்கக்கூடாது. ‘அங்கே முடிக்கக்கூடாது’ என்பது வேறு, ‘அந்த வழியாகவே போகக்கூடாது’ என்பது வேறு. உங்கள் காலாட்படை தன் ஆட்களின் ஊடாகப் போகலாம், அவர்கள் தலைமேல் நிற்க முடியாது. ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டுமா? பத்தாம் பதிப்பில், ரிசர்விலிருந்து, அதாவது மேசைக்கு வெளியே காத்திருந்து, இறங்கும் யூனிட் (படைக்குழு) எதிரியிடமிருந்து 9 இன்ச்சுக்கு ‘மேல்’ தள்ளி நிற்க வேண்டும். சார்ஜ் பண்ணி, அதாவது டைஸில் விழுந்த அளவுக்குப் பாய்ந்து, கைகலப்புக்கு 1 இன்ச்சுக்குள் போய்ச் சேர இரண்டு டைஸையும் கூட்டி 9 அல்லது அதற்கு மேல் வேண்டும், அது 36இல் 10 வாய்ப்பு. சரியாக 9இல் நிற்கலாம் என்று யாராவது விட்டுக்கொடுத்துவிட்டால் 8 போதும், 36இல் 15 வாய்ப்பாகிவிடும். ஒரு மயிரிழை தள்ளி வையுங்கள் என்று கேட்பது அற்பத்தனம் இல்லை.

உயரம்தான் அடுத்த தலைவலி. பத்தாம் பதிப்பில் 2 இன்ச் வரை உள்ள தடையை இல்லாதது போலவே தாண்டலாம். அதற்கு மேல் என்றால் ஏறுவதும் கணக்கு, இறங்குவதும் கணக்கு, பாதி ஏறி நடுவில் தொங்க முடியாது. 6 இன்ச் நகரும் சிப்பாய் 4 இன்ச் கன்டெய்னரைத் தாண்ட ஏற 4, இறங்க 4, அங்கேயே எட்டு ஆகிவிட்டது. அதே 4 இன்ச் சுவர் இடிந்த கட்டடத்தின் சுவர் என்றால் காலாட்படை நேராக ஊடுருவிப் போய்விடும்! விதியில் குழப்பமே இல்லை, மேசையில் இருக்கும் அட்டைப்பெட்டி எந்த வகை என்பதில்தான் குழப்பம். அதனால் படையை அடுக்குவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது இடிபாடு, இது கன்டெய்னர் என்று பேசிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, யாருக்கு லாபம் என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதால் இருவரும் நியாயமாகப் பேசுவார்கள்.

நான் பார்த்த வரையில் பாதிச் சண்டைகளுக்கு விதியே காரணம் இல்லை. மாடலைத் தூக்கிவிட்டார்கள், அது எங்கே நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். தூக்குவதற்கு முன் பேஸின் முன் ஓரத்தை ஒட்டி ஒரு டைஸை வையுங்கள். முன் ஓரத்திலிருந்து அளந்தால் முன் ஓரத்தில்தான் முடிக்க வேண்டும். முன்னால் தொடங்கி பேஸின் பின் ஓரத்தை டேப் நுனியில் வைத்தால் 32 மில்லிமீட்டர் பேஸில் ஒன்றேகால் இன்ச் இலவசமாகக் கிடைத்துவிடும், புதிதாக ஆடுகிறவர்கள் தெரியாமலேயே இதைச் செய்வார்கள், மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். தூணைச் சுற்றி வளைந்து போக வேண்டுமென்றால் நூல்தான் நல்லது. ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் தன் பொம்மைச் சிப்பாய் விளையாட்டு விதிகளை வெளியிட்டபோதே அளக்க நூலைத்தான் சொன்னார், அவரிடம் காலாட்படைக்கு ஓர் அடி, குதிரைப்படைக்கு இரண்டடி.

நகர்த்தும்போது நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இவன் சுவருக்குப் பின்னால் நிற்கிறான், உங்கள் டேங்குக்குத் தெரியக்கூடாது, சரிதானே?” அவர் குனிந்து பார்த்து சரி என்றால் முடிந்தது. பிறகு மேசை ஆடி பேஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒத்துக்கொண்டதே செல்லும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு அர்த்தம் வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். போட்டி என்றால் மாடலைத் தொடுவதற்கு முன்பே நடுவரைக் கூப்பிடுங்கள், நகர்த்திய பிறகு அவராலும் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நட்பு ஆட்டம் என்றால் ஆளுக்கொரு டைஸ் உருட்டுங்கள், பெரிய எண்ணுக்காரர் படித்தபடி ஆடுங்கள். கடைசி டர்ன் வரை இருவருக்கும் அதே அர்த்தம்தான், நடுவில் மாற்றக்கூடாது. தீர்ப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசை ஓரத்தில் வையுங்கள், வீட்டுக்குப் போய் அதிகாரப்பூர்வத் திருத்தங்களில் பதிலைத் தேடி, கிடைத்ததும் அன்று ஆடியவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.