கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டும் முன்

திருப்பூரில் கட்டிங் டேபிளில் விழும் துண்டுத்துணியை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் வாங்கிப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கின்றன. ஒரு கம்பெனியின் கழிவு இன்னொன்றுக்கு மூலப்பொருள் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சொதப்புவது மூட்டை கட்டும்போதுதான்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அமுக்குகிறார்கள். நிறம் பிரித்துக் கொடுத்த துண்டிலிருந்து சாயமே போடாமல் கலர் நூல் கிடைக்கும். சாயம், தண்ணீர், உப்பு மூன்றும் மிச்சம். கலந்துவிட்டால் மங்கலான நூல்தான். லைக்ரா கலந்த துணி இன்னும் தொல்லை. கிழியாமல் இழுபட்டு மெஷின் உருளையில் சுற்றிக்கொள்ளும். டேபிள் பக்கத்திலேயே இரண்டு சாக்கு கூடுதலாக வைத்தால் முடிகிற வேலை இது. குடோனுக்குப் போன பிறகு பிரிக்கத் தனியாக ஆள் போட வேண்டும்.

வேஸ்ட் வாங்க ஆள் இருக்கிறதே என்று மார்க்கர் போடுவதில், அதாவது துணி வீணாகாதபடி வெட்டும் அளவுகளை நெருக்கி அடுக்குவதில், அலட்சியம் காட்டுவதும் உண்டு. துணி வாங்கிய விலை எங்கே, துண்டு விற்கும் விலை எங்கே!

அடுத்தவன் கழிவுதானே, சும்மா கிடைக்கும் என்ற நினைப்பும் தவறு. சர்க்கரை ஆலைக்குக் கரும்புச் சக்கை கழிவல்ல, பாய்லருக்கு எரிபொருள். அதனால்தான் புகளூர் காகித ஆலையான டி.என்.பி.எல்., சக்கைக்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ தரும் ஏற்பாட்டை ஆலைகளோடு செய்துகொண்டது.

கெமிக்கல் டிரம், சாயக் கழிவுச் சேறு ஆகியவற்றின் கதை வேறு. 2016 அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவை அபாயகரக் கழிவுகள். காலி டிரம்தானே என்று பழைய இரும்புக் கடைக்குப் போடக்கூடாது. வாங்குபவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே இடத்தை நம்பி இருப்பது. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது கிடைத்த ஜிப்சம், 1993 முதல் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலைக்குப் போனது. பெரிய முன்மாதிரிதான். பிறகு மின் நிலையம் நிலக்கரியை விட்டு மரத்துண்டுக்கு மாறியது. நிலக்கரி இல்லையென்றால் அந்த ஜிப்சமும் இல்லை. வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாமல், நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.