மூக்கில் ஒழுகுவதெல்லாம் ஜலதோஷம் இல்லை

தமிழில் 'சளி' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மூக்கில் வடிவதும் சளி, நெஞ்சில் கட்டுவதும் சளி, அதைக் கொண்டுவரும் நோயும் சளி. 'பிள்ளைக்குச் சளி' என்று சொன்னதுமே நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதி நமக்கு வந்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

நானே ஏழெட்டு வருடம் இப்படி ஏமாந்தவன். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீராகக் கொட்டும். பத்து மணிக்கு மேல் ஒன்றுமே இருக்காது. 'எனக்குச் சளி உடம்பு' என்று முடிவுகட்டி, தயிரை விட்டேன், தலைக்குக் குளிப்பதைக் குறைத்தேன். கடைசியில் ஒரு மருத்துவர் ஒரே கேள்வி கேட்டார்: "மூக்கு அரிக்குதா?" அரித்தது. கண்ணும் அண்ணமும்கூட. வந்தது அலர்ஜி. காரணம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. பாவம், தயிர் என்ன செய்யும்?

வைரஸால் வரும் ஜலதோஷத்துக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. தொண்டைக் கரகரப்பில் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். காய்ச்சலே இல்லாமல், அரிப்போடு, மாதக்கணக்கில் வந்து போவது அந்தக் கணக்கில் சேராது.

அடுத்த தவறு நிறத்தைப் பார்த்து மிரள்வது. மூன்றாம் நாள் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், 'முத்திப்போச்சு' என்று மெடிக்கலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்குகிறோம். அந்தப் பச்சை, கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சாதாரண ஜலதோஷத்திலும் அது வரும். வைரஸிடம் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை. சைனஸில் பாக்டீரியா சேர்ந்திருக்கிறதா என்பதற்கு நிறத்தைவிட நாள்களே நல்ல சாட்சி. பத்து நாள் ஆகியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது, அல்லது குறைந்து தேறிவந்து, ஐந்தாறு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் கன்ன வலியுமாகத் திரும்புவது. அப்போது மருத்துவரிடம் போகலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஃப்ளூவை 'வெறும் சளிக் காய்ச்சல்' என்று தள்ளுவது. ஜலதோஷம் மெல்ல வரும், ஃப்ளூ அடித்துப்போடும். காலையில் நன்றாக வேலைக்குப் போனவர் மாலையில் குளிர் நடுங்கிப் போர்வைக்குள் கிடப்பார், உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கோவிட் இரண்டு வேஷமும் கட்டும். பரிசோதனை செய்யாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி, ஆனால் மூக்கு அவ்வளவாக ஒழுகவில்லை என்றால் டெங்குவைச் சந்தேகியுங்கள். உடல்வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. பலர் ஏமாறுவது காய்ச்சல் விடும் நாளில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும்போதுதான் டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. 'காய்ச்சல் விட்டாச்சு' என்று மகிழ்ந்த அன்றே வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்ட சோர்வு என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, 'சளி மாத்திரை' விஷயம். அவற்றில் பலவற்றுக்குள் பாராசிட்டமாலும் இருக்கிறது. தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் அளவு இரட்டிப்பாகும். காய்ச்சலும் மறைந்து, என்ன நோயென்று பிரித்துப் பார்க்கும் அடையாளமே போய்விடும். மூக்கொழுகலுக்கான குளோர்ஃபெனிரமினும் மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. வீட்டில் அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலைத் தம்பிக்கும் ஊற்றும் பழக்கம் அதன் பிறகும் போகவில்லை.

பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்து, இருமலும் மூக்கொழுகலும் இல்லாவிட்டால் அது ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பின்னால் இதய வால்வைத் தாக்கும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். அங்கே ஆன்டிபயாட்டிக் அவசியம். மருத்துவர் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகுகிறதா? உள்ளே புளியங்கொட்டையோ தெர்மாகோல் உருண்டையோ இருக்கலாம். பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். நீங்களே நோண்டாதீர்கள்.

கைக்குழந்தையிடம் மூக்கைவிட மூச்சைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. மூச்சு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ அது நெஞ்சுக்குள் இறங்கிய நோய். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. அரை நிமிடம் எண்ணிப் பெருக்கினால் கணக்கு தப்பும்.