மாலை போட்டா விடுற பீடிய, மாலை கழட்டின அப்புறமும் விடுறது எப்படி

நம்ம ராமநாதபுரம் கடக்கரையில "என்னால இத விடவே முடியாதுண்ணே"ன்னு சொல்ற ஆளுதான் வருஷத்துல ஒரு தடவ விட்டும் காட்டுறாரு. ஐயப்பனுக்கு மாலை போட்டவரு ஒரு மண்டலம் பீடி பக்கம் போகமாட்டாரு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு புடிச்ச காக்காமாரு விடியக்கால சஹர் சாப்பாட்டுக்கு அப்புறம் சாயங்காலம் மஃரிப் பாங்கு கேக்குற வரைக்கும் சிகரெட்ட தொடுறதில்ல, தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தவக்காலம் பூரா பாட்டில தொடாத அண்ணன்மாரும் இருக்காங்க. அப்ப முடியுது. மாலைய கழட்டின அன்னிக்கு சாயங்காலம் டீக்கடைக்கு போறோமே, அங்கதான் வழுக்குது.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி புத்துநோய்ல 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் தடுக்கக்கூடியது. அதுல பெரிய பங்கு புகையிலைக்குத்தான், பீடி சிகரெட்டு மட்டும் இல்ல, ஒதுக்கி வைக்கிற போயிலையும்தான், வெறும் பாக்கு கூட, சந்தேகத்துக்கு இடமில்லாம புத்துநோய் உண்டாக்கும்னு அந்த நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு போட்ட முதல் பட்டியல்லயே இருக்கு, சாராயமும் அதே பட்டியல்தான். இது நம்ம ஊர்ல முக்காவாசி பேருக்கு தெரியும், பாக்கெட்டு மேல படமே போட்டிருக்கான். தெரிஞ்சும் ஏன் விடமுடியல, அதத்தான் பழக்கத்த மாத்துற ஆராய்ச்சிக்காரங்க இத்தன வருஷமா தோண்டிக்கிட்டு இருக்காங்க.

2011ல லண்டன்ல சூசன் மிச்சிங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்களோட வேல பாத்தவங்களும் ஒரு விஷயத்த சுருக்கமா வச்சாங்க. ஒரு பழக்கம் மாறணும்னா மூணு வேணும், செய்யத் தெரியணும், சுத்தி இருக்குற சூழல் இடம் குடுக்கணும், மனசு வேணும். நாம எப்பவும் மூணாவத மட்டும் புடிச்சு தொங்குறோம், "மனசு வச்சா முடியும்டா"ன்னு. மாலை போட்ட ஆள பாருங்க, கழுத்துல மாலை கெடக்கு, பாக்குறவன் எவனும் பீடிய நீட்டமாட்டான், "சாமி"ன்னு கூப்புடுறான், வீட்ல சமையல் மாறுது, கூடவே நாலு பேரு மாலை போட்டிருக்கான், காலையில எந்திரிச்ச உடனே குளிச்சு கும்புடுற வேல இருக்கு. சூழல் முழுசா அவரு பக்கம் நிக்குது. மனசு அதே மனசுதான். அதனால கீழ சொல்றது எல்லாமே அந்த சூழல மாலை இல்லாமலே எப்படி உண்டாக்கிக்கிறதுங்கிறதுதான்.

மொதல்ல ஒரு வாரம் எதையும் விடவேண்டாம், கவனிங்க மட்டும். எப்பப்ப கை மடிக்கு போகுது, அப்ப எங்க இருந்தீங்க, யாரு பக்கத்துல, வயித்துல பசியா தூக்கமா எரிச்சலா. விசைப்படகுல போற ஒருத்தரு இப்படி பாத்தப்ப அவருக்கு கரையில பெருசா தேவையே படல, ராத்திரி வலைய இறக்கிட்டு, தூக்கம் கண்ண சொருகும்போது, பக்கத்துல இருக்குறவரு உள்ளங்கையில சுண்ணாம்பு வச்சு தேய்க்க ஆரம்பிச்ச உடனே இவரு கையும் தானா நீண்டுரும், வாங்கி கீழ் உதட்டுக்குள்ள வச்சதே பாதி நேரம் அவருக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு அது சாப்புட்ட உடனே இருக்கலாம், ஏலம் சரியா போகாத அன்னிக்கு இருக்கலாம். பொம்பளைங்களுக்கு கருவாடு காயப்போட்டுட்டு நிழல்ல ஒக்காரும்போது வெத்தலப்பொட்டி நடுவுல வருமே, அதுவா இருக்கலாம். உங்க நேரம் எதுன்னு தெரியாம விட்டா எங்க அடி விழும்னு தெரியாது.

அடுத்தது தேதி. விசைப்படகுக்காரங்களுக்கு தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், வாழ்க்கையே வேற மாதிரி ஆகிரும். இடமும் நேரமும் மாறும்போது பழக்கத்தோட புடி தளரும்னு ஆராய்ச்சி சொல்லுது, கடலுக்கு போறப்ப மட்டும் வாயில போயிலை ஒதுக்குறவருக்கு இதவிட நல்ல நேரம் கெடையாது. ஆனா தடைக்காலத்துல வருமானம் இல்லாம, கடன்காரன் வாசல்ல நிக்க, பொழுது போகாம சீட்டுக்கட்டும் பாட்டிலுமா இருக்குற ஆளுக்கு அதுவே மோசமான நேரம், அவரு நோன்பையோ மாலையையோ தவக்காலத்தையோ வச்சு ஆரம்பிச்சுக்கலாம். நாட்டுப்படகுக்கு தடை இல்ல, அவங்க காத்து பலமா அடிச்சு கடலுக்கு போகாத நாளா பாத்து ஆரம்பிங்க.

எத்தன நாள்ல பழகும்னு கேக்குறாங்க, 21 நாள் போதும்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க. 2010ல லண்டன்ல ஃபிலிப்பா லாலின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 96 பேர வச்சு பாத்தாங்க, ஒரு புதுப்பழக்கம் தானா வர ஆரம்பிக்க நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும். அது புதுசா ஒண்ண வளக்குற கணக்கு, விடுற கணக்கு இல்ல, ஆனா பீடி இருந்த எடத்துல வேற ஒண்ணு உக்காரணும்ல, அதுக்கு இந்த கணக்கு உதவும். அப்ப மண்டலம் முடிஞ்ச உடனே மாலையோட சேத்து எல்லாத்தையும் கழட்டுறோமே, அது இன்னும் வேர் புடிக்காத நேரம். இன்னொன்னும் அதுல பாத்தாங்க, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் கெட்டுப்போகல. அதனால ஒரு பீடி குடிச்சுட்டா "எல்லாம் போச்சு"ன்னு ஒரு கட்டு வாங்காதீங்க, எந்த நேரத்துல கை போச்சுன்னு மட்டும் பாத்துட்டு மறுபடி ஆரம்பிங்க.

இப்ப முக்கியமான வேல. "இது நடந்தா நான் இத செய்வேன்"னு முன்கூட்டியே வாய்விட்டு சொல்லி வச்சுக்கிறது. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் இதத்தான் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு, 2006ல 94 ஆய்வ சேத்து பாத்தப்பவும் வெறும்ன "விடப்போறேன்"னு சொல்றத விட இது நல்லாவே வேல செஞ்சிருக்கு. "வலை இறக்கின உடனே வறுத்த கடலைய வாயில போட்டுக்குவேன்", "பக்கத்துல சுண்ணாம்பு தேய்ச்சா எந்திரிச்சு படகு முன்னாடி அணியத்து பக்கம் போயிருவேன்", "டீ சொல்றப்பவே பீடி வேணாம்ணேன்னு கடைக்காரர்ட்ட சொல்லிருவேன்". போயிலைக்கு பதிலா பாக்கு மட்டும் போட்டுக்குறேன்னு போகாதீங்க, அதுவும் அதே பட்டியல்தான், ஏலக்காய், கிராம்பு, சோம்பு, சுக்கு எதுவேணா வச்சுக்குங்க.

மொத ரெண்டு மூணு நாள்தான் கொடும, எரிச்சல், தலவலி, தூக்கமின்மை, எல்லார்மேலயும் கோவம். ஒவ்வொரு தடவ கெளம்புற ஆசையும் சில நிமிஷத்துல அடங்கிரும், அந்த சில நிமிஷத்த தள்ளுறதுதான் வேல. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே கெடைக்கும், மாசமா இருக்குறவங்க, நெஞ்சு வலி உள்ளவங்க மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டு. அத மிட்டாய் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக்கூடாது, காரம் ஏறுற வரைக்கும் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், காரம் கொறஞ்சா மறுபடி மெல்லணும், டீ காபி குடிச்ச கையோட போட்டா சரியா ஏறாது. 1800-11-2356ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்கும். தெனமும் நெறைய குடிக்கிறவரு மட்டும் சாராயத்த ஒரே நாள்ல நிறுத்தவேணாம், கை நடுக்கம் வலிப்புன்னு உயிருக்கே ஆபத்து ஆகலாம், ஆஸ்பத்திரியில காட்டிட்டு நிறுத்துங்க.

தனியா பண்ணாதீங்க, ஒரு படகுல போறவங்க சேந்து முடிவெடுங்க. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்குற அக்காமாரு, மாசத்துல இன்ன நாள்தான் எடுக்கணும்னு அவங்களே கூடி பேசி வச்சு கடைபுடிக்கிறாங்க. ஒரு படகுக்குள்ள "இந்த படகுல போயிலை ஏறாது"ன்னு வைக்கிறது அதவிட கஷ்டம் இல்ல.

விட்டாலும் விடாட்டியும் மாசம் ஒருதடவ வெளிச்சத்துல நின்னு கண்ணாடியில வாய பாருங்க. கன்னத்துக்குள்ள, நாக்கு ஓரம், நாக்குக்கு அடியில, கீழ் உதட்டுக்குள்ள. வெள்ளையா செவப்பா திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, காரம் பட்டா தீயா எரியுறது, இதுல எது இருந்தாலும் காட்டிருங்க. உங்க மூணு வெரல நேரா ஒண்ணுமேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள போகுதான்னும் பாருங்க, போகலைன்னா பாக்கால தசை இறுக ஆரம்பிச்சிருக்கலாம், அன்னிக்கே பாக்கு போடுறத நிறுத்தணும். 30 வயசு தாண்டினவங்களுக்கு வாய், மார்பு, கருப்பவாய் மூணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பரிசோதனை உண்டு. நம்ம தமிழ்நாட்டுலயே, திண்டுக்கல் மாவட்டத்துல, பயிற்சி எடுத்த நர்சுங்க கருப்பவாயில லேசான அமிலத்த தடவி வெள்ளையா திட்டு தெரியுதான்னு பாக்குற எளிய சோதனைய ஒரே ஒருதடவ பண்ணினதுலயே அந்த புத்துநோயால சாவு 35 சதவீதம் கொறஞ்சிருக்கு, 2007ல வெளியான ஆய்வு. அக்கா, சித்தி, ராத்தா எல்லாரும் கூச்சப்படாம சேந்து ஒரே ஆட்டோவுல போயிட்டு வந்துருங்க.

இனி புத்துநோய்க்கு வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கு. நம்ம ஊர்ல அவங்கள கட்டில்லயே உக்காரவச்சு "அசையாத"ன்னு சொல்றதுதான் பாசம்னு நெனைக்கிறோம். 2025ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பெருங்குடல் புத்துநோய்க்கு ஆபரேஷன், கீமோ முடிச்ச 889 பேரு. பாதி பேருக்கு உடற்பயிற்சி பத்தி புத்தகம் மட்டும் குடுத்தாங்க, மீதி பாதிக்கு மூணு வருஷம் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து தொடர்ந்து கேட்டு நடக்க வச்சாங்க. எட்டு வருஷம் கழிச்சு புத்தகம் வாங்கினவங்கள்ல 83 சதவீதம், ஆள் கூட இருந்தவங்கள்ல 90 சதவீதம் உயிரோட இருந்தாங்க. விஷயம் ரெண்டு பக்கத்துக்கும் தெரியும், கூட ஒரு ஆளு இருந்ததுதான் வித்தியாசம். அவங்க செஞ்சதும் பெரும்பாலும் வேகமா நடக்குறது மாதிரிதான், வாரம் மூணு நாலு தடவ, முக்கா மணி நேரம் போல. கீமோவுக்கு அப்புறம் வர்ற அசதிக்கும் படுத்து கெடக்குறத விட மெதுவா நடக்குறதுதான் நல்லா கேக்குது. மணல்ல வேணாம், ரோட்டு ஓரம் வெயில் தாழ அஞ்சரைக்கு மேல, மொத வாரம் பத்து நிமிஷம் போதும், டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு.

மார்புல ஆபரேஷன் ஆன அக்காமாருகிட்ட கை வீங்கிரும், கொடத்த தூக்காதன்னு சொல்லிருப்பாங்க. 2009ல வந்த ஆய்வு ஒண்ணு, ஆள் பாத்து சொல்லிக்குடுத்து கொஞ்சங்கொஞ்சமா எடை தூக்கினவங்களுக்கு வீக்கம் கூடலன்னு காட்டுச்சு. அதனால பயந்து கைய மடக்கியே வச்சிருக்காதீங்க, பிசியோதெரபிகாரங்ககிட்ட கேட்டு அரைக்கொடத்துல ஆரம்பிங்க, கை கனத்தா செவந்தா நிறுத்திட்டு காட்டுங்க.

வீட்ல ஒருத்தர நடைக்கு கூட்டாளியா போடுங்க, மகளோ மச்சானோ பக்கத்து வீட்டு அத்தையோ, அவங்க வேல "நடந்தியா"ன்னு கேக்குறது இல்ல, செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்குறது. ஆபரேஷன் சீட்டு, பயாப்சி ரிப்போர்ட், கீமோ விவரம் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு தண்ணி படாத கவர்ல வைங்க. மதுரைக்கோ ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ செக்கப் தேதி வாங்கும்போதே படகு போற நாளோட இடிக்காம கேட்டு வாங்கிக்குங்க.