வில்பத்துக் காட்டோரம் கூடாரத்தில் தங்கப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும் வழியில் இரண்டு இரவு சொகுசுக் கூடார விடுதியில் தங்கப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கூடாரத்தில் இருந்தது போதாதா, பிள்ளை?" என்று கேட்டார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாரி முழுவதும் தறப்பாளின் கீழ் கிடந்தவர் அவர். கனடாவில் பிறந்த என் பிள்ளைகளுக்குக் கூடாரம் என்றால் விடுமுறை. அம்மாவுக்கு அது முகாம். இது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் பேசுங்கள். 1995இன் நடையையோ 2009இல் மெனிக் பாம் அகதி முகாமின் முள்வேலியையோ கடந்து வந்தவர்கள் உங்களுடன் வருகிறார்கள் என்றால், படங்களைக் காட்டி விளக்குங்கள்: தரை சீமெந்தா பலகையா, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா, கூரைக்கு மேல் இன்னொரு கூரை உண்டா. அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்குக் கல்லால் கட்டிய அறை கிடைக்கும் விடுதியாகத் தேடுங்கள். நாங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் கேட்டு வைத்தோம். வந்து பார்த்த பிறகு அவரே கூடாரத்தில் பேரப்பிள்ளைகளோடு படுத்துக்கொண்டார்.

வில்பத்து இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, சுமார் 1,317 சதுர கிலோமீட்டர். 1938இல் தேசியப் பூங்காவானது. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010இல் மீண்டும் திறந்தது. காட்டுக்குள் மழைநீர் தேங்கி நிற்கும் மணற்கரைக் குளங்களை வில்லு என்கிறார்கள். கூடார விடுதிகள் பெரும்பாலும் ஹுணுவிலகம வாசலைச் சுற்றிப் பூங்காவுக்கு வெளியே இருக்கின்றன. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக நான்கு மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வந்திறங்கினால் நீர்கொழும்பில் உறங்கிவிட்டு விடிந்த பின் புறப்படுவதே நல்லது. அங்கிருந்து வடக்கே போக அநுராதபுரம், மதவாச்சி வழி. காட்டுக்கூடாகக் கடற்கரையோரம் மன்னாருக்குப் பாதை இருப்பதாக வரைபடம் காட்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

காலம் நமக்கு வாய்ப்பாகவே அமைகிறது. வெளிநாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையும், ஆகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவும், பெரும்பாலும் நல்லூர்க் கொடியேற்றமும் வறண்ட மாதங்களிலேயே வருகின்றன. அப்போது வில்லுகள் வற்றி, விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடிக் கரைக்கு வரும். மார்கழி விடுமுறையில் போகிறவர்கள் மழையையும் சேற்றில் புதையும் ஜீப்பையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

விலையைப் பேசும்போது எல்லா வரிகளும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18 சதவீத வற் (VAT) வரி பின்னால் வந்து விழுந்தால் கணக்கு நன்றாக மாறிவிடும். பூங்கா நுழைவும் ஜீப்பும் பெரும்பாலும் தனிக் கட்டணம். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ கையில் கொண்டு போங்கள்.

குளிரூட்டி இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், மின்சாரம் இரவு முழுவதும் இருக்குமா என்றும் கேளுங்கள். நாங்கள் முதலில் தங்கிய ஓரிடத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். கன்வஸ் துணி பகல் வெயிலை விழுங்கி வைத்திருக்கும். சின்னவன் விடியும்வரை உறங்கவில்லை.

இருட்டிய பின் பணியாளர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு நகராதீர்கள். அது யானைகள் நடமாடும் இடம். பழமோ பிஸ்கட்டோ உள்ளே வைக்கக் கூடாது. கூடார வாசலின் சிப்பை (zip) எப்போதும் முழுதாக மூடுங்கள், காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதிலும் கைவைத்தியத்திலும் நேரத்தை இழக்காமல் அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு விரையுங்கள். விடுதியில் வாகனம் இரவும் நிற்குமா என்று போனதும் கேட்டு வையுங்கள். பணியாளர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். ஆங்கிலம் ஓரளவு ஓடும். அம்மாவுக்கு மரக்கறி மட்டுமே என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மூன்று வேளையும் பருப்பும் சுண்டலும் சுடச்சுட வந்தன.

பூங்காவுக்குள் ஜீப் சவாரி காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. முழுநாள் சவாரி முதுகு வலி உள்ளவர்களுக்குத் தாங்காது, அரைநாளே போதும். முன்வரிசை இருக்கையில் குலுக்கல் குறைவு. சிறுத்தையைக் காட்டு என்று சாரதியை விரட்டாதீர்கள். ஒரே வில்லுக் கரையில் அரை மணிநேரம் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்து பாருங்கள். எங்களுக்குச் சிறுத்தை தென்படவில்லை. ஒரு பாலை மரத்தடியில் கரடி நின்றது, உதிர்ந்த பழங்களை மண்ணோடு உறிஞ்சிக்கொண்டு. பிள்ளைகள் கரடியைப் பார்த்தார்கள். அம்மா மரத்தைப் பார்த்தார். "பாலை. அங்கே நிற்பது வீரை. தண்ணீரோரம் மருது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வன்னியில் விறகு பொறுக்கிய நாட்களில் அறிந்த மரங்கள். சாரதி வேகத்தைக் குறைத்து, அவர் கை நீட்டிய பக்கமெல்லாம் நிறுத்தினார்.

பூங்காவுக்குள் இறங்கவோ பழம் பறிக்கவோ அனுமதியில்லை. ஆனால் வைகாசி, ஆனியில் போகிறவர்கள் வவுனியாப் பக்கத் தெருவோரம் கண் வைத்துக்கொண்டு வாருங்கள், பாலைப்பழம் விற்பார்கள். அதன் பால் உதட்டில் ஒட்டிப் பிடிக்கும். தண்ணீரும் ஒரு துணியும் வண்டியில் வைத்திருங்கள்.