வளவு முழுக்க ஒரே நாளில் அவயம் வைப்பது எப்படி

பொறவாசலில் மேயும் குஞ்சைப் பருந்து தூக்கினால் ஒன்று போகும். கீரி புகுந்தால் நாலு போகும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் வளவே, அதாவது சேர்ந்திருக்கிற வீடுகளின் கோழி எல்லாமே காலி. இதற்குத் தடுப்பு மருந்து உண்டு, விலையும் பெரிதில்லை. சிக்கல் குப்பியின் அளவில் இருக்கிறது. சின்னக் குப்பியிலேயே 50, 100 குஞ்சுக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருக்கிற வீட்டில் அதற்காக ஒரு குப்பி வாங்க யாருக்கும் மனசு வராது. அதனால் நாலைந்து வீடு பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் அவயம் வைப்பதுதான், அதாவது கோழிகளை முட்டை மேல் அடைக்கு உட்கார வைப்பதுதான் வழி.

கிழமைக் கணக்கு இதற்கு வசதியாக அமைகிறது. முட்டை பொரிய 21 நாள். பொரித்த 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து, 28ஆம் நாள் மறுபடியும் சொட்டு, 49ஆம் நாள் குடற்புழு மருந்து, 56ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கே ஆர்2பி தடுப்பூசி. எல்லாமே ஏழின் மடங்கு. எந்தக் கிழமை முட்டை வைத்தீர்களோ அதே கிழமையில்தான் எல்லா வேலையும் வரும். கால்நடை மருந்தகம் திறந்திருக்கிற, வீட்டில் குஞ்சு பிடித்துக்கொடுக்க ஆள் இருக்கிற கிழமையாகப் பாருங்கள். பொங்கல் முடிந்து ஜனவரி 17 அன்று வைத்தால் பிப்ரவரி 7 பொரிப்பு, 14 முதல் சொட்டு, மார்ச் 7 இரண்டாம் சொட்டு, மார்ச் 28 புழு மருந்து, ஏப்ரல் 4 ஊசி. லீப் ஆண்டு என்றால் மார்ச், ஏப்ரல் தேதிகள் ஒரு நாள் முன்னே வரும்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக்குத் தை, மாசிதான் நல்ல பருவம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தரை காயாது. ரத்தக் கழிச்சலும் கொசு வழியே அம்மையும் குஞ்சைப் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் முட்டையே கெட்டுவிடும். ஆடி, ஆவணியில் வைக்கலாம். ஆனால் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மறைப்பு கட்டியாக வேண்டும்.

அவயத்துக்குச் சிறுவிடைக் கோழியை (சின்ன உடம்பு நாட்டுக்கோழியை) மிஞ்ச ஆளில்லை. கிராஸ் கோழிகளை நம்ப வேண்டாம். பாதியில் எழுந்து போய்விடும். கோழி உண்மையிலேயே அவயத்துக்கு வந்துவிட்டதா என்று ராத்திரி பாருங்கள். வயிற்றுக்கடியில் கையை விட்டால் எழாமல், சிறகை விரித்துச் சீறும். நெஞ்சுப் பக்கம் முடி உதிர்ந்து சூடாக இருக்கும். பகலில் மட்டும் உட்கார்ந்துவிட்டு ராத்திரி கூட்டுக்குப் போகிற கோழி இன்னும் தயாராகவில்லை. முந்திக்கொண்ட கோழியை இரண்டு மூன்று கூமுட்டையின் மேல் ஒரு வாரம் வரை உட்கார வைத்துக் காத்திருக்கலாம். எல்லா வீட்டுக் கோழியும் ஒரே வாரத்தில் உட்காராது. ஐந்தில் மூன்று சேர்ந்தாலும் போதும், மற்ற வீட்டு முட்டைகளை அவற்றின் அடியில் வைக்கலாம். கோழி ஒருவருடையது, முட்டை இன்னொருவருடையது என்றால் குஞ்சில் ஆளுக்குப் பாதி. இதை முட்டை வைக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

முட்டைதான் பாதி வெற்றி. எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் இருக்க வேண்டும். கடையில் ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று விற்பது சேவல் இல்லாமல் வளர்த்த கோழியின் முட்டையாக இருந்தால் பொரிக்காது. ஓட்டின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. தை மாதத்தில் ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டை, வெயில் காலத்தில் மூன்று நாலு நாள் முட்டை மட்டும் எடுங்கள். நம் ஊர் வெயிலில் கோழி உட்காராமலே கரு லேசாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். வெளியே பார்த்தால் முட்டை நன்றாகத்தான் இருக்கும். இதைத் தடுக்க ஒரு மண்சட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு மணல் போட்டு நனைத்து, மேலே காய்ந்த துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, அடுப்படியை விட்டுத் தள்ளி நிழலில் வையுங்கள். ஈரம் முட்டையில் படக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்ததும் வேண்டாம், கழுவியதும் வேண்டாம். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். தேதியையும் வீட்டு அடையாளத்தையும் பென்சிலால் எழுதுங்கள்.

பனையோலைக் கடகம் இருந்தால் அதைவிட நல்ல பெட்டி கிடையாது. காற்று போகும், சூடு நிற்கும். அடியில் நாலு விரல் மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் சற்றுக் குழி. குழி இல்லாவிட்டால் முட்டை ஓரத்துக்கு உருண்டு குளிர்ந்துபோகும். வைக்கோலுக்கடியில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போடுங்கள். கோழி பாதியில் எழுந்து ஓட முக்கியக் காரணம் செள்ளு என்கிற சின்னப் பூச்சி. ராத்திரி டார்ச் அடித்தால் பெட்டி விளிம்பில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல ஊர்வது தெரியும். முட்டை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே கோழியைச் சாம்பலும் மணலும் கலந்த குழியில் புரள விடுங்கள். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பாணியும் வத்தலும் போடுவது வழக்கம். போடுவதால் கெடுதல் இல்லை. ஆணி முட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடி விழுகிற ராத்திரியில் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் அதைவிட அவசியம்.

சாயங்காலம் இருட்டிய பிறகு வையுங்கள். சிறுவிடைக்கு 10 முட்டை, உடம்பு பெரிசென்றால் 12. கோழி உட்கார்ந்ததும் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள்; சிறகுக்கு வெளியே முட்டை தெரிந்தால் ஒன்றிரண்டைக் குறைத்துவிடுங்கள். ஆசைப்பட்டு 15 வைத்தால் எல்லா முட்டையும் முறைபோட்டு ஓரத்துக்கு வந்து குளிரும், எட்டுகூடப் பொரிக்காது. தினமும் ஒரு தடவை கோழி எழுந்து கால் மணி நேரம் தின்று, குடித்து, கழிந்துவிட்டு வரட்டும். எழ மறுத்தால் தூக்கிவிடுங்கள். நெல்லோ கம்போ போதும்.

முட்டை வைத்த 7ஆம் நாள் ராத்திரி இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாக இருந்தால் கரு இல்லை. ரத்தம் வளையமாக மட்டும் நின்றால் கரு செத்துவிட்டது. இவற்றை எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி வெடித்து நல்ல முட்டையையும் கெடுக்கும். சேர்ந்து வைத்ததன் லாபம் இங்கேதான் தெரியும்: மூன்று கோழிக்கடியில் மிஞ்சிய நல்ல முட்டையை இரண்டு கோழிக்கு மாற்றிவிட்டு, மூன்றாவதை விடுவிக்கலாம்.

18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். ஓட்டில் முதல் ஓட்டை விழுந்து குஞ்சு வெளியே வர 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பொறுமையில்லாமல் உரித்தால் ரத்தம் வடியும். 22ஆம் நாள் முடிந்தும் பொரிக்காததை எடுத்துப் புதைத்துவிடுங்கள். இரண்டு கோழிக் குஞ்சை ஒன்றிடம் சேர்ப்பதென்றால் முதல் இரண்டு நாளுக்குள், ராத்திரி இருட்டில், சிறகுக்கடியில் நுழைத்துவிடுங்கள். பகலில் விட்டால் கொத்திவிடும். எந்த வீட்டுக் குஞ்சு என்று தெரிய முதுகில் சாயம் வைக்கலாம். சிவப்பு மட்டும் வேண்டாம், ரத்தம் என்று நினைத்து மற்றவை கொத்தும். காலில் நூல் கட்டினால் கால் தடிக்கத் தடிக்க நூல் சதைக்குள் இறங்கும்.

முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் பழுதில்லை, உள்ளே மஞ்சள் கரு இருக்கிறது. பிறகு கம்புக் குருணை, அரிசி நொய். ஆனால் நொய்யை மட்டும் தின்று வளர்கிற குஞ்சுக்கு இறகு சரியாக முளைக்காது, புரதம் வேண்டும். செம்மண் பூமியில் இதற்குக் கரையான் போதும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, மக்கிய ஓலை திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடியக்காலையில் எடுத்துப் பஞ்சாரத்துக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்குள்) தட்டினால் ஒரு தாய்க்குஞ்சுக் கூட்டத்துக்குக் காலைத் தீனி முடிந்தது. வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீரைத் தட்டையான தட்டில், நடுவில் கல் வைத்துக் கொடுங்கள். ஆழமான சட்டியில் குஞ்சு மூழ்கும். முதல் மூன்று வாரம் பஞ்சாரத்தை விட்டு வெளியே விட வேண்டாம். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் ஏற்றுங்கள், நாயும் கீரியும் கவிழ்த்துவிடும்.

சொட்டு மருந்தன்று குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். பையில் போட்டு வெயிலில் பஸ் ஏறி வந்த மருந்தால் பலன் இல்லை. எல்லா வீட்டுக் குஞ்சும் பஞ்சாரத்துக்குள் வந்த பிறகே கலக்குங்கள். கண்ணில் ஒரு சொட்டு; குஞ்சு கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே போன பிறகு கீழே விடுங்கள். சோர்ந்து சிறகு தொங்கும் குஞ்சுக்குப் போடாமல் தனியே வையுங்கள். மிஞ்சிய மருந்தையும் குப்பியையும் கொதிநீரில் போட்டுப் புதையுங்கள். 28ஆம் நாள் மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதென்றால் குழாய்த் தண்ணீர் கூடாது. குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது வெள்ளைக்கழிச்சல் இல்லை, ஈரத் தரையால் வரும் ரத்தக் கழிச்சல். தரையை மாற்றிக் காயவிட்டு, மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செத்த குஞ்சைக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துக் காரணம் கேட்கலாம். வாய்க்காலில் வீசுவது நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவது; சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

ஆர்2பி உயிருள்ள, சற்று வீரியமான மருந்து. எட்டு வாரத்துக்கு முன் போட்டால் குஞ்சு தாங்காது. சிறகுக்கடியில் தோலுக்குள் அரை மில்லி. அரசு பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமில் பெரிய கோழிகளுக்குப் போட்டுக்கொள்ளலாம். அவயத்துக்கு உட்காரப்போகும் கோழிக்கு முந்தியே போட்டிருந்தால் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் எதிர்ப்பு வரும். சந்தையில் வாங்கியதோ, கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரர் கொண்டுவந்ததோ, வெளிக்கோழி எதுவானாலும் இரண்டு வாரம் தனியே கட்டிவைத்த பிறகே வளவுக் கோழியோடு விடுங்கள். ஊசி போட்ட குஞ்சுகளையும் இரண்டு வாரம் கழித்தே விற்பனைக்கு எடுங்கள்.